சொல்லாமல் விட்ட வீடு

“ஒங்க வீட்டுக்கு மட்டுந்தாங்க்கா நான் சொல்லல.”

வாசலில் நின்றபடியே விஜயகலா இதைச் சொன்னாள். தோட்டத்து லயத்தின் வீட்டு வரிசையில் பக்கத்து வீட்டுக்காரியான சூசையம்மாவிடம் அவள் பேசி நாலு வருஷமாகிறது. மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் தண்ணீர் பிடிக்க யார் குடம் முன்னால் என்று தொடங்கிய சண்டை. பீலி வற்றி, தோட்டத்துக்கு மோட்டர் வந்துவிட்டது. சண்டை மட்டும் வற்றவில்லை.

“உள்ள வா கலா. புள்ள எப்படி இருக்கான்?”

“கண்ணு முழிச்சிட்டான். கஞ்சி குடிச்சான். நாளைக்கு டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புறாங்களாம்.”

சூசையம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். விஜயகலா அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

அவள் மகன் தனுஷனுக்குப் பிறவியிலேயே குழிந்த நெஞ்சு. போன வருஷம் கொழும்பில் ஒபரேசன் செய்து, நெஞ்செலும்புக்கு அடியில் ஓர் இரும்புக் கம்பியை வைத்து நிமிர்த்தியிருந்தார்கள்.

“மூணு மாசத்துக்கு அடிபடாம பாத்துக்கங்கன்னுதான் டொக்டர் சொன்னாரு. நாந்தான் பயத்துல லயம் பூரா போயி, எம்புள்ள நெஞ்சுல யாரும் கைய வச்சிராதீங்க, கம்பி குத்தி செத்துருவான்னு சொல்லி வச்சேன். பதினோரு வீட்டுலயும் சொன்னேன். ஒங்க வீட்ட மட்டும் தாண்டிப் போயிட்டேன்.”

அப்படிச் சொல்லி வைத்ததன் பலனை வெள்ளிக்கிழமை காலையில் லயமே பார்த்தது. மோட்டரைப் போடப் போன தனுஷனைக் கரண்ட் தூக்கி எறிந்தது. மூச்சு இல்லை. முதலுதவி வகுப்புக்குப் போய்வந்த லயத்துப் பையன் கிருஷ்ணராஜ்கூட, நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். “தொடாதீங்க, தொடாதீங்க” என்று விஜயகலாவே எல்லாரையும் மறித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் ரப்பர் மலையிலிருந்து சூசையம்மா பால் வாளியோடு இறங்கி வந்தாள். வாளியைப் போட்டாள். விஜயகலாவைப் பிடித்துத் தள்ளிவிட்டு, பையனின் நடு நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்து அமுக்கத் தொடங்கினாள். ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம் ஆனது. அதுவரை அவள் நிறுத்தவில்லை. விஜயகலா அவள் முதுகில் மாறி மாறி அடித்தபோதும் நிறுத்தவில்லை.

“முதுகு இன்னும் வலிக்குதாக்கா?”

“ஒன் கையில என்னா பலம் இருக்கு, போ.”

விஜயகலா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“விலா எலும்பு ரெண்டு வெடிச்சிருக்கு, அது ஆறிருமாம். யாரும் அமுக்காம விட்டிருந்தா நான் பொணத்தத்தான் வாங்கிட்டு வந்திருப்பேனாம். ஒங்ககிட்டயும் அன்னிக்கே சொல்லியிருந்தேன்னா, நீங்களும் மத்தவங்க மாதிரி நின்னுருப்பீங்க. நானே எம்புள்ளய கொன்னுருப்பேங்க்கா.”

சூசையம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கோப்பையில் பிளேன்டீ ஊற்றினாள்.

“ஆமா கலா. தெரிஞ்சிருந்தா நானும் பயந்துகிட்டுத்தான் நின்னுருப்பேன். நீ சொல்லாததும் நல்லதாப் போச்சு. அழுவாத, பிளேன்டீ குடி.”

“எல்லாம் நம்ம சண்டை செஞ்ச புண்ணியம்” என்று விஜயகலா அழுகையோடு சிரித்தாள். வீட்டுக்குத் திரும்பியபோது அவள் மனபாரம் பாதி இறங்கியிருந்தது.

மறுநாள் கரவனெல்ல ஆஸ்பத்திரியில், லீவு முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்த டொக்டர் பர்ஸானா, தனுஷனின் சிகிச்சை விவரம் எழுதிய டிக்கட்டைப் புரட்டிப் பார்த்தார். கட்டிலருகே நின்ற விஜயகலாவிடம் நிதானமாகச் சொன்னார்.

“நெஞ்சுல கம்பி இருக்குன்னு பயந்து சும்மா நிக்கக் கூடாது. மூச்சு நின்னா அமுக்கத்தான் வேணும். கம்பி இருக்கறதால, வழக்கத்த விட பலமா அமுக்கணும். வீட்டு ஆளுங்க எல்லாரும் இத தெரிஞ்சு வச்சுக்கங்க. இந்தப் புள்ளயோட அம்மாவுக்குச் சொல்லத் தேவையில்ல, அவங்களுக்கு நல்லாத் தெரியும்.”

“அம்மாவுக்கா?”

“ஓ. போன வருஷம், ஒபரேசன் முடிஞ்ச ஒடனே, ரப்பர் பால் காஞ்ச கையோட வேலைய போட்டுட்டு இங்க கிளினிக்குக்கு ஓடி வந்தாங்களே. தனுஷன்னு ஒரு புள்ள, நெஞ்சுல கம்பி வச்சிருக்கு, மூச்சு நின்னா என்ன செய்யணும்னு கேட்டாங்க. வேற யாரும் எங்கிட்ட அப்படிக் கேட்டதில்ல, அதான் மறக்கல. தலகாணிய வச்சு, சரியா வர்ற வரைக்கும் அமுக்கிப் பழகிட்டுத்தான் போனாங்க. புள்ள உங்களுக்கு யாருன்னு கேட்டேன். ‘எம்புள்ளதாங்க டொக்டர்’னு சொன்னாங்க.”

டொக்டர் வாட்டு வாசல் பக்கம் பார்த்துவிட்டு, மறுபடி விஜயகலாவிடம் திரும்பினார்.

“அவங்க இன்னிக்கு வரலியா? நீங்க புள்ளைக்கு என்ன முறை, சித்தியா?”