ஒத்திகையின் இரண்டாம் வாக்கியம்

கோலசிலாங்கூரை அடுத்த தோட்டப் பள்ளி அது. விடியலில் பெற்றோருடன் ரப்பர்ப் பட்டை சீவிப் பால்மரம் வெட்டிவிட்டு நேரே வகுப்புக்கு வந்த சேது, ஒருநாள் அந்தக் கத்தியாலேயே ஆசிரியை கலாவதியின் கையைக் கீறிவிட்டான். பிறகு அவன் வரவில்லை. குடும்பமே சுங்கை பஞ்சாங் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இனி இப்படி நேர்ந்தால் ஆசிரியர்கள் தடுமாறக்கூடாது என்று தலைமையாசிரியர் காளியண்ணன் சனிக்கிழமை ஒத்திகை வைத்தார். சொல்ல வேண்டியவை இரண்டே வாக்கியங்கள்: முதலில் ‘கத்தியைக் கீழே வை’, பிறகு ‘பக்கத்தில் வா’. இதைப் பழகாமல் திங்களன்று அந்த வகுப்புக்குள் நுழையத் தனக்குத் துணிவு வராது என்பது கலாவதிக்குத் தெரியும்.

மாணவனாக நடிக்க வந்த சுப்பிரமணியம் சார் அடிக்கோலைக் கத்தியாக ஓங்கியபடி முன்பெஞ்சில் எழுந்து நின்றார்.

“பாத்து லா டீச்சர், நான் ரொம்பப் பொல்லாத பையன்!”

எல்லாரும் சிரித்தார்கள். கலாவதியின் பார்வை மட்டும் பழக்கத்தில், சேது உட்காரும் கடைசிப் பெஞ்சுக்குப் போனது. அது காலியாக இருந்தது.

“கத்தியக் கீழ வைப்பா.”

சிரிப்புக்கு நடுவே இரும்பு தரையைத் தொடும் ஓசை கேட்டது. சுப்பிரமணியம் அடிக்கோலை இன்னும் இறக்கவில்லை. கடைசிப் பெஞ்சின் அடியில் மரம் வெட்டும் கத்தி ஒன்று கிடந்தது. மழையால் அன்று தோட்டத்தில் யாரும் மரம் வெட்டவில்லை. ஆனாலும் அதன் நுனியில் பால் ஈரமாக இருந்தது.

“அடுத்தத சொல்லுங்க டீச்சர்,” என்றார் சுப்பிரமணியம்.

கலாவதியின் கால்கள் கரும்பலகை வரை பின்வாங்கின.

“பயப்படாதீங்கம்மா, நான் சொல்லிக் காட்டுறேன்,” என்ற தலைமையாசிரியர் கனிவாகக் குரல் கொடுத்தார். “வாப்பா, டீச்சர் பக்கத்துல வா.”

சுப்பிரமணியம் அடியெடுத்து வைக்குமுன், கடைசிப் பெஞ்சு, எழுந்துகொள்பவனுக்கு இடம்விட்டு, மெல்லப் பின்னால் நகர்ந்தது.