கரண்டோடு போன ப்ராஜெக்ட்

ரபீக் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னான்.

"நேத்து கரண்ட் போச்சில்ல மாமி, அதோட லுப்னா ப்ராஜெக்டும் பூடுச்சி. இன்னா தேடியும் காணோம்."

ஜாஹிதா பேகம் கடையில் கிடந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். மகள் லுப்னாவைக் கூட்டிக்கொண்டு வல்லத்திலிருந்து செஞ்சிக்கு நின்றபடியே பஸ்ஸில் வந்தவள். ஸ்பைரல் போட்ட ப்ராஜெக்டைக் கையோடு வாங்கி, அப்படியே விழுப்புரம் பஸ் ஏறி, படிப்பு மையத்தில் கொடுத்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். நாளையோடு கெடு முடிகிறது. தவறினால் அடுத்த பருவம்தான்.

லுப்னா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சிரித்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

அந்த ஒரு ப்ராஜெக்ட்தான் பாக்கி. அதைக் கொடுத்தால் பி.காம். பி.காம். வந்தால் நிக்காஹ். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் இந்த ரபீக்தான். தாய்மாமன் அமீர் ஜானின் மகன்.

ரபீக்கிடம் ஒரு குறையும் இல்லை. அதுதான் சிக்கலே. குடிகாரன், கோபக்காரன் என்று ஏதாவது இருந்திருந்தால் என்றைக்கோ மறுத்திருப்பாள்.

ஒரே தட்டில் சோறு தின்று, ஒரே பாயில் அடித்துக்கொண்டு வளர்ந்தவனைத் திடீரென்று புருஷன் என்று எப்படி நினைப்பது? யாரிடம் சொன்னாலும், முறைப்பையன்தானே, எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும் என்பார்கள்.

அவளுக்குத் துணையாக இருந்தது அம்மாவின் ஒரு பேச்சு மட்டும்தான். டிகிரி முடிக்காமல் பெண்ணைத் தர மாட்டேன் என்று ஜாஹிதா பேகம் அண்ணனிடம் கறாராகச் சொல்லியிருந்தாள்.

அந்தப் பேச்சையும் கெடுக்கப் பார்த்தது பல்கலைக்கழகம். அத்தா மௌத்தாகி ஃபீஸ் கட்ட ஆளில்லாமல் போனதும் வேலூர் காலேஜைப் பாதியில் விட்டவள் லுப்னா. பிறகு அஞ்சல் வழியில் சேர்ந்தபோது, வேலூரில் பாஸான பேப்பர்களின் கிரெடிட் எல்லாம் செல்லாது, முதல் வருஷத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்று யாரோ பயமுறுத்தினார்கள். அவள் உள்ளுக்குள் குளிர்ந்துபோனாள். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு எங்கிருந்துதான் அவ்வளவு தாராள மனசு வந்ததோ, ஒரு பேப்பர் விடாமல் ஏற்றுக்கொண்டுவிட்டது.

அம்மா தெருவுக்கே கேசரி கொடுத்தாள். ரபீக் மட்டும், எல்லா பேப்பருமா, எல்லாமேவா என்று திரும்பத் திரும்பக் கேட்டான். ஆச்சரியத்தில் கேட்கிறான் என்று லுப்னா அன்று நினைத்துக்கொண்டாள்.

கோட்டை பார்க்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர் ஆதாரை நீட்டி ஜெராக்ஸ் கேட்டார். மெஷின் ரிப்பேர் என்று ரபீக் அவரைத் திருப்பி அனுப்பினான். மெஷினில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஜாஹிதா பேகத்துக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. கையால் எழுதினது எங்கே என்று மகளைக் கேட்டாள். அதை வைத்து இப்போதே உட்கார்ந்து திரும்ப அடித்துவிட முடியாதா?

முடியும். அவலூர்பேட்டைச் சந்தைக்கு வருகிறவர்கள் எதைப் பார்த்து ஆடு வாங்குகிறார்கள் என்று ப்ராஜெக்டுக்காக லுப்னா எழுதியதை, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து ரபீக்குக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்துத்தான் அவன் அடித்தான். அவள் போனிலும் இருக்கிறது, அவன் போனிலும் இருக்கிறது. கரண்ட் போனால் அதற்கு என்ன?

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

ரபீக்கும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிடாதே என்று அவன் கண்கள் கெஞ்சின. போன வாரம் பிரிண்டர் கோளாறு, அதற்கு முந்தின வாரம் ஃபான்ட் சரியில்லை. எல்லாம் ஒரே நோய்தான். இவனுக்கும் வேண்டாம். இவனும் வாயைத் திறக்க வழியில்லாமல் கிடந்து தவிக்கிறான்.

எழுதினதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன் என்று லுப்னா அம்மாவிடம் சொன்னாள்.

ரபீக் விட்ட பெருமூச்சு கடைக்கு வெளியே கேட்டிருக்கும். அதைக் கேட்டதும் அவளுக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. அப்படி என்ன நான் குறைந்துபோய்விட்டேன் என்று ஒரு கணம் கோபம்கூட வந்தது. மறுகணம் சிரிப்பு பொத்துக்கொண்டு வர, துப்பட்டாவால் முகத்தை மூடிக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது.

ஜாஹிதா பேகம் அந்தத் தோளைப் பார்த்தாள். எழுந்து வந்து மகளின் முதுகைத் தடவினாள்.

"அழுவாதடி. படிப்ப வச்சிக்கினு நீங்க ரெண்டு பேரும் பட்ட பாடு போதும். மொதல்ல நிக்காஹ முடிச்சிடலாம், படிப்பு எங்க ஓடிப்பூடுது?"

லுப்னாவின் தோள் அப்படியே நின்றுவிட்டது.

அம்மா அதற்குள் போனை எடுத்துக்கொண்டு படியிறங்கியிருந்தாள். எதிரே அவலூர்பேட்டை பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. அதையும் மீறி, அண்ணே, நோன்புக்கு முன்னாடியே வெச்சிக்கலாமா என்று அவள் கேட்பது கடைக்குள் தெளிவாகக் கேட்டது.

ரபீக் மவுஸைப் பிடித்த வேகத்தில் டீ கிளாஸ் உருண்டது. கண் மூடித் திறப்பதற்குள் ப்ராஜெக்ட் திரையில் வந்து நின்றது. முகப்பில் லுப்னாவின் பெயர்கூடத் தடித்த எழுத்தில் அழகாக இருந்தது.

கிடைத்துவிட்டது மாமி, கிடைத்துவிட்டது என்று அவன் கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினான். பின்னாலேயே லுப்னாவும் ஓடினாள்.

ஜாஹிதா பேகம் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, கொஞ்சம் சும்மா இருங்கள் என்று இருவருக்கும் கையைக் காட்டினாள்.