தட்டினால் தகவல் போகும்

"இனிமே கத்தல், கூச்சல் வேணாம் மாமா. அவங்கவங்க வேலை முடிஞ்சதும் போன்ல தட்டினா, அடுத்த ஆளுக்குத் தானா தகவல் போயிடும்" என்றான், வேலைகளைப் படிப்படியாக மென்பொருளில் அமைத்திருந்த மச்சினன்.

அப்படியே நடந்தது. மாடியில் பீரோவைக் கழற்றியவர் தட்டியதும், கீழிருந்து சுமப்பவர்கள் ஓடினார்கள். டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் சத்தமில்லாமல் வேனில் ஏறின. மாமாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. போனில் கடைசிப் படியை அவரே தட்டினார்.

"இது யாருக்குப் போகும் மாப்ளே?"

"வீட்டுக்காரருக்கு. 'வேலை இனிதே முடிந்தது, எத்தனை நட்சத்திரம் தருவீங்க?'ன்னு கேட்கும். அவர் போன் நம்பர் வாசல் பலகையிலயே இருந்துச்சு."

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி! வீட்டுக்காரன்கிட்ட சொல்லிட்டுத் திருடுற முதல் கூட்டம் நாமதான்டா!"

போலீஸ் வண்டியில் ஏறும்போதும் மச்சினனுக்கு மனசு ஆறவில்லை.

"ஒரே ஒரு நட்சத்திரம்தான் போட்டிருக்கார், மாமா!"