ரோஷத்துக்குக் காசு வேண்டாம்

"ஜிம்ல சேராம இந்தத் தடவையும் பாஸாக முடியாது. சொல்லிட்டேன்," என்றான் வாட்ச்மேன், சட்டையை ஆணியில் மாட்டியபடி.

"ஜிம்முக்குக் கட்டுற பணத்துல நம்ம அடுப்பு பாதி மாசம் எரியும்," என்றாள் மனைவி. "உடம்பைத் தேத்தணும், அவ்வளவுதானே? அதுக்கு வழி இங்கேயே இருக்கு."

'இங்கே' என்று அவள் சொன்னது, ஐந்து மாடிக் கட்டடத்தின் அடியில், மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்திலிருந்த ஒற்றை அறையை. மேலே எல்லாம் சின்னச் சின்ன அலுவலகங்கள். அவனுக்குக் காவல் வேலை, அவளுக்குக் கூட்டித் துடைக்கும் வேலை. அலுவலகங்கள் திறப்பதற்குள் ஒவ்வொரு மாடிக்கும் தண்ணீர் கேன் போய்ச் சேர வேண்டும். அதுவும் அவன் தலையில்தான்.

தீயணைப்பு வீரனாக வேண்டும் என்பது அவனுடைய வெகுநாள் ஆசை. எழுத்துத் தேர்வையெல்லாம் ஊதித் தள்ளிவிடுவான். மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பயிற்சிக் கோபுரத்தின் படிகளில் ஏறச் சொல்லும்போதுதான் நாக்குத் தள்ளும். போன தடவை பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. இதையும் கோட்டைவிட்டால் ஆயுசுக்கும் இந்த ஜன்னல் இல்லாத அறைதான்.

"என்ன வழி?"

"இந்தக் கட்டடத்துல இருக்கிறதே பின்பக்கத்து சாமான் லிஃப்ட் ஒண்ணுதான், அதுவும் நேத்து நின்னு போச்சுல்ல? மெக்கானிக் இப்பத்தான் வந்து பார்த்துட்டுப் போனார். ஏதோ பார்ட் வெளியூர்லேர்ந்து வரணுமாம், மாசக்கணக்காகுமாம். லிஃப்டைப் பூட்டியாச்சு. இனிமே கேனெல்லாம் நீங்க தோள்ல வச்சுத்தான் ஏத்தணும். இதுக்கு மேல என்ன ஜிம் வேணும்?"

அவனுக்கு அது அவ்வளவாக ரசிக்கவில்லை. ஆனாலும் வேறு போக்கிடம் இல்லை.

மறுநாள் காலை, வாசலில் வேன்காரரிடம் கேன்களை வாங்கி இறக்கிவிட்டு, முதல் கேனோடு படியேறினான். ஐந்தாவது மாடிக்குத்தான் முதலில் போக வேண்டும். மூன்றாவது மாடியைத் தாண்டுவதற்குள் முழங்கால் கெஞ்ச ஆரம்பித்தது. ஒரு வழியாக உச்சிக்குப் போய்க் கேனைப் பொத்தென்று இறக்கிவிட்டு நிமிர்ந்தால், எதிரே மனைவி. பக்கத்தில் விளிம்பு வரை தண்ணீர் நிறைந்த வாளி. சாவகாசமாகத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

"நீ... எப்ப வந்தே?"

"நீங்க கேன் இறக்கிட்டிருந்தப்பவே வந்துட்டேன். என்னங்க இது, ஒரு கேனுக்கே இப்படி மூச்சு வாங்குது? நெருப்புல மாட்டிக்கிட்டவங்க உங்களை வந்து தூக்கிட்டுப் போகணும் போலிருக்கே."

காற்றடித்தால் பறந்துவிடுவாள் போலிருப்பவள் அவள். அவள் வாயால் இப்படிக் கேட்க வேண்டியதாயிற்றே என்று அவனுக்குச் சுருக்கென்று தைத்தது.

அன்று பிடித்தது சனி. எப்படியாவது ஒருநாள் அவளை முந்திவிட வேண்டும் என்று தவியாய்த் தவித்தான். எவ்வளவு வேகமாக ஏறினாலும் அவள்தான் முன்னால் நின்றாள். வாளியும் நிறைந்தே இருந்தது. "வாங்க, வாங்க, இப்பத்தான் விடிஞ்சுதா?" என்பாள் குனிந்தபடியே.

ரோஷம் யாரை விட்டது? ஒரு கேன் இரண்டாயிற்று. மாடிப்படிக்கு அடியிலிருந்த இரும்புக் குழாயில் தொங்கி உடம்பை மேலே இழுத்தான். பழைய சாக்கை மடித்துப் போட்டுத் தண்டால் எடுத்தான். சத்து மாவு டப்பா வாங்கலாமா என்று மெல்லக் கேட்டபோது, அவள் அவித்த முட்டையையும் கடலையையும் தட்டில் வைத்தாள்.

"அதுல இருக்கிற சத்து இதுலயும் இருக்கு. டப்பாதான் இல்லை."

போகப் போகச் சட்டை தோளில் இறுக ஆரம்பித்தது. மூச்சு அவன் சொன்னபடி கேட்டது.

"என்னப்பா, ரெண்டு கேனைத் தூக்கிக்கிட்டுப் பாட்டு வேற பாடிட்டுப் போறே?" என்று மூன்றாவது மாடி வக்கீலம்மா ஒருநாள் வியந்தார்.

"நான் என்னம்மா பெரிசா. எங்க வீட்டுக்காரியைப் பாருங்க. அவதான் இரும்பு," என்றான். இப்போது அதில் பொறாமை இல்லை, பெருமைதான் இருந்தது.

தேர்வு நாளன்று அவள் பெருக்கிய இடத்தையே திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவன் வாசலுக்குள் நுழைந்த நடையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

"பாஸ்," என்றான். "கோபுரத்துல முதல் ஆளா ஏறினது நான்தான்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

"கால் தடுமாறினப்பல்லாம், மேல நீ வாளியோட நிக்கிறேன்னு நினைச்சுக்கிட்டேன். அந்த வேகத்துலயே ஏறிட்டேன். என்னை ஆளாக்கினது நீதான்."

"நல்லபடியா முடிஞ்சுதே, அது போதும்."

"எங்கே முடிஞ்சுது? பெண்கள் பிரிவுக்கும் ஆள் எடுக்கறாங்களாம். அதிகாரிகிட்ட உன்னைப் பத்திச் சொன்னேன். அசந்து போயிட்டார். உன் பேரைக் கொடுத்துட்டு வந்திருக்கேன். முதல்ல கோபுரம், அப்புறந்தான் எழுத்துத் தேர்வு. அடுத்த வாரம் உனக்கு. நான் ஏறினதுல பாதி நேரத்துல நீ ஏறிடுவே."

அவள் முகம் வெளிறிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குப் புத்தி சொன்னா காதுல விழாது, ரோஷம் வந்தாத்தான் எதையும் செய்வீங்க. அதனாலதான்..." என்று இழுத்தாள்.

"அதனால என்ன?"

"அன்னைக்கு வந்த மெக்கானிக் லிஃப்டைச் சரி பண்ணி, சாவியை என் கையில கொடுத்துட்டுத்தாங்க போனார். நான் இத்தனை மாசமா ஒரு படிகூட ஏறலை."