கம்பத்துக்கு ஒரு குடம்

பக்கிரியின் பீங்கான் பொம்மைப் பட்டறையை ஒட்டிய வயலில், மண்ணின் ஈரம் காற்றில் ஏறுவதை அளக்கக் கருவிக் கம்பம் நட்டிருந்தாள் விஞ்ஞானி மஹதி. ‘ஏமாத்து வேலை’ என்பது முதல் நாளே பக்கிரி சொன்ன தீர்ப்பு.

“கம்பத்தடி மட்டும் தெனமும் ஈரமா இருக்குது. என் ஆராய்ச்சியே கெட்டுப்போச்சு! தண்ணி ஊத்துனது நீங்களாய்யா?” என்று கேட்டாள் மஹதி.

“நான்தான்.”

“என் மேல அவ்வளவு கோவமா?”

“கோவமா? அன்னைக்கு இந்தக் கம்பத்தப் பாத்துதான மழை வரும்னு சொன்ன? எதுக்கும் இருக்கட்டும்னு சுடாத பொம்மையெல்லாம் உள்ள எடுத்து வச்சேன். இல்லன்னா பெஞ்ச மழையில கரைஞ்சு சேறாப் போயிருக்கும். அதான், தெனம் ஒரு கொடம் ஊத்திக் கும்புடுறேன்.”

மஹதிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “நன்றிய எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“உன்ன நான் எங்க நம்புனேன்? கம்பத்தத்தான் நம்புறேன்” என்றார் பக்கிரி. “சரி, நாளையிலேருந்து பூ மட்டும் வைக்கிறேன்.”