கால்சியம் போடாத தட்டு

"இன்னிக்காவது கால்சியம் போட்டுடு, தங்கச்சி."

அக்மரல் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்குள் இரண்டு கைகளையும் நுழைத்து, ஒரு தட்டிலிருந்த செல்களைப் பிரித்துப் புதிய தட்டுகளில் விட்டுக்கொண்டிருந்தாள்.

யெர்மெக் கதவருகிலேயே நின்றான். அல்மாட்டி நகரின் அந்தத் தீக்காய மருத்துவமனையில், தோல் வளர்க்கும் ஆய்வகத்துக்கு அவன்தான் தலைவன். தலைவன் என்றால், ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனால் திட்டு வாங்குகிறவன். சற்று முன் கீழ்த்தளத்துப் பெரிய டாக்டர் அவனைக் கூப்பிட்டு, "நீயே போய்ப் பேசுப்பா. உனக்குத்தான் வாய் இருக்கு" என்று அனுப்பியிருந்தார். மாடிப்படி முடிவதற்குள் அந்த வாய் உலர்ந்துபோயிருந்தது.

தட்டில் இருந்தது அக்மரலின் தம்பி தஸ்தானின் தோல். காரிலிருந்த காஸ் சிலிண்டர் வெடித்து, அவன் உடம்பு முக்கால்வாசி வெந்துபோயிருந்தது. அக்குளில் தப்பித்த நல்ல தோலில் ஒரு தபால்தலை அளவு வெட்டியெடுத்து, செல் செல்லாகப் பிரித்து, அதை அவளே வளர்த்துவந்தாள். அந்தத் தட்டுகளை வேறு யாரும் தொட முடியாது. யெர்மெக்கே ஒரு தடவை தொடப் போய்க் கையில் அடி வாங்கியிருக்கிறான்.

"இன்னும் பத்தாதுண்ணா. முதுகுக்கே காணாது."

"பத்தாது, பத்தாதுன்னு பிரிச்சுக்கிட்டே இருந்தா? அதுங்களுக்கும் வயசாகும்ல?"

"கால்சியம் கம்மியா இருக்கறவரைக்கும் சீக்கிரத்துல ஆகாது. புதுசா வர்றவங்ககிட்டல்லாம் நீங்கதானே சொல்வீங்க?"

உண்மைதான். பயிற்சிக்கு வருகிறவர்களிடம் அவன் வழக்கமாக விடுகிற ஒரு ஜோக் உண்டு. கால்சியம் குறைவாக இருந்தால் தோல் செல்கள் விடுதி மாணவர்கள் மாதிரி. யாரோடும் ஒட்டாமல், தட்டையாகப் படுத்துக்கொண்டு, கூட்டத்தை மட்டும் பெருக்கும். கால்சியத்தைக் கூட்டினால் கல்யாணமானவர்கள் மாதிரி. ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும், அடுக்கடுக்காக ஏறும், முதிரும், பெருகுவதை நிறுத்திக்கொள்ளும். கடைசியில் மேலடுக்கு செத்துக் கெட்டிப்பட்டு உடம்பைக் காப்பாற்றும். இதற்கு எல்லோரும் சிரிப்பார்கள், கல்யாணமானவர்களைத் தவிர.

இன்று அந்த ஜோக் எதற்கும் ஆகாது.

"முதிராம எதுவும் தோலாகாதும்மா" என்றான். "வெறும் செல்லை வழிச்சு முதுகுல பூசவா முடியும்? வளர்ந்தது போதும்னு ஒரு கட்டத்துல விட்டுடணும். பிடிச்சு வச்சுக்கிட்டே இருந்தா..."

"இருந்தா?"

"அதுக்கும் நிம்மதி இல்லை, நமக்கும் இல்லை."

"செல்லுக்கு நிம்மதியா? எந்தப் பத்திரிகையில கட்டுரை வந்திருக்கு?"

யெர்மெக் சிரித்தான். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. அவள் சிரிக்கவில்லை. அவள் கண்கள் சிவந்திருந்தன. அந்த அறையின் ஸ்பிரிட் நெடிக்கு யார் கண்ணும் சிவக்கும்.

அவள் அவனைத் தாண்டிக் கதவைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அப்பால் இரண்டு நர்ஸ்கள், மின்சார வேலை பார்ப்பவர், கணக்குப் பிரிவு ரௌஷன் அக்கா என்று ஒரு சின்னக் கூட்டம் நின்றிருந்தது.

"எதுக்கு எல்லாரும் அங்க நிக்கறாங்க?"

"தேநீர் வேளை."

"இங்கயா தேநீர்?"

"ஆறட்டும்னு நிக்கறாங்க."

இதைவிடக் கேவலமான பொய்யைத் தன் வாழ்நாளில் சொன்னதில்லை என்று யெர்மெக்குக்குத் தோன்றியது. ஃப்ரிட்ஜைத் திறந்து கால்சியக் கரைசல் பாட்டிலை எடுத்தான்.

"நகரு, நான் போடறேன். நீ வெளியே வா. உங்கம்மாவுக்கு ஒரு போன் பண்ணு."

"பண்ணி என்ன சொல்ல? தோல் தயாராயிடுச்சுன்னா?"

அவன் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். பெரிய டாக்டர் நம்பிய வாய்.

"குதிரை மந்தையில பிறக்கற எல்லாக் குட்டியும் வசந்தத்தைப் பார்க்கறதில்லைம்மா. பனி சில குட்டியை முன்னாடியே..."

"போதும்ணா."

அக்மரல் தட்டை மூடினாள். கையுறையைக் கழற்றாமலே திரும்பி உட்கார்ந்தாள்.

"நம்ம ஜனங்க சாவுச் சேதியை நேராச் சொல்ல மாட்டாங்க. பறந்துபோன வல்லூறுல ஆரம்பிச்சு, ஊரெல்லாம் சுத்திட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவாங்க. நீங்க கால்சியத்துல ஆரம்பிச்சீங்க. நல்லாத்தான் சொன்னீங்க. குதிரைக்குட்டிதான் தேவையில்லை."

"உனக்கு... யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. விடியற்காலை, நர்ஸ் வர்றதுக்கு முன்னாடியே, அவன் கண்ணை மூடிவிட்டது நான்தான்."

பாட்டிலை அவன் கையிலிருந்து மெல்ல வாங்கி, ஃப்ரிட்ஜில் வைத்துப் பூட்டினாள்.

"இதைப் போட்டா இதுவும் நின்னுடும்ணா. தஸ்தான் இன்னும் வளர்ந்துக்கிட்டிருக்கறது இந்தத் தட்டுல மட்டும்தான்."