அலமாரியில் ஒரு வெள்ளை யானை

அந்த நூலகத்தில் ஓர் ஆங்கிலச் சொற்றொடர் அகராதி இருந்தது. எந்தச் சொல்வழக்கு எப்படிப் பிறந்தது என்று கதையோடு சொல்லும் தடித்த புத்தகம். ஒரு காலத்தில் ஞாயிறு காலையானால் குறுக்கெழுத்துக்காரர்கள் அதற்காக அடித்துக்கொள்வார்கள். எச்சில் தொட்டுப் புரட்டிய விரல்களின் அழுக்கு இன்னும் பக்க ஓரங்களில் இருந்தது. இப்போது எல்லாரும் கைபேசியில் பார்த்துக்கொள்கிறார்கள்.

அன்று நூலகர் பிலோமினா அதைத் தூக்கிப் பார்த்தார். "சரியான வெள்ளை யானை" என்று அலுத்துக்கொண்டே மேசையில் போட்டுவிட்டுப் போனார்.

சுவர்க் கடிகாரம் கேட்டது: "யானையா? இங்கே ஏது யானை?"

அகராதிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதனிடம் ஒருவர் அர்த்தம் கேட்டு ஏழு வருஷமாயிற்று.

"அது ஆங்கிலேயர் பேச்சு. சயாம் ராஜாவுக்கு யாரையாவது பிடிக்காவிட்டால் ஒரு வெள்ளை யானையைப் பரிசாகக் கொடுத்துவிடுவாராம். ராஜா கொடுத்ததை வேலை வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. தீனி போட்டே அந்த ஆள் ஓய்ந்துபோவானாம். அதனால்தான், ஒன்றுக்கும் உதவாமல் இடத்தை அடைப்பதையெல்லாம் அப்படிச் சொல்வார்கள்!"

"பலே!" என்றது கடிகாரம். "அப்படியானால் அந்த அம்மா யாரைச் சொன்னார்?"



"அது கிடக்கட்டும்" என்றது அகராதி. "நீ இன்னொன்று கேளேன்."